மிதிபட்டு உடைந்த ஒலிம்பிக் பேட்... பூஜைக் கதவு செதுக்கும் மெஷினில் புதுசா ஒன்று செய்ய முடியுமா?

2024, ஜூலை 30. பாரிஸ் ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் கலப்பு இரட்டையர் இறுதிப்போட்டி முடிந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. வடகொரிய ஜோடியை வீழ்த்தித் தங்கம் வென்ற மகிழ்ச்சியில் இருந்தார்கள் சீனாவின் வாங் சூச்சினும் சுன் யிங்ஷாவும். அந்த நேரத்தில் படம் எடுக்க முண்டியடித்த புகைப்படக்காரர் ஒருவரின் கால், வாங்கின் பேட் மீது பட்டது. பேட் உடைந்துபோனது.

மறுநாள் ஒற்றையர் ஆட்டம். அப்போது உலகின் நம்பர் ஒன் வீரர் வாங். மாற்று பேட்டை எடுத்துக்கொண்டு களமிறங்கியவர், ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மொரேகோர்டிடம் 4-2 என்ற கணக்கில் தோற்று வெளியேறினார். பேட் உடைந்ததுதான் தோல்விக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மொரேகோர்ட் அன்று ஆடிய ஆட்டம் அப்படி. அதே வேகத்தில் இறுதிப்போட்டி வரை போய் வெள்ளியும் வாங்கினார். ஆனாலும் உலகம் முழுக்க டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் அன்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். `கையில்தான் இன்னொரு பேட் இருந்ததே, அப்புறம் என்ன?'

மரத்தை வெட்டி பேட் செய்து பார்த்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு பேட்டும் ஒரே அளவில் இருக்கலாம். இரண்டும் ஒரே மரம் இல்லையே!

இன்னொரு சுவாரஸ்யம், மொரேகோர்டின் கையில் இருந்த பேட். நாம் பார்த்துப் பழகிய வட்ட முகம் இல்லை அதற்கு. அறுகோணம் மாதிரி, மூலை மூலையாக இருக்கும். `இதெல்லாம் ஒலிம்பிக்கில் அனுமதிக்கிறார்களா?' என்று டி.வி முன்னால் உட்கார்ந்திருந்த பலரும் கேட்டிருப்பார்கள். தாராளமாக அனுமதிக்கிறார்கள். டேபிள் டென்னிஸ் பேட் எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த எடையிலும் இருக்கலாம் என்பதுதான் சர்வதேச விதி. கிரிக்கெட் மட்டைக்குக்கூட இத்தனை அகலம், இத்தனை நீளம் என்று வரம்பு உண்டு. இங்கே அது கிடையாது.

அதனால்தான், கையில் ஒரு சி.என்.சி மெஷினும் கொஞ்சம் பொறுமையும் இருக்கிற யாரும் தனக்கென ஒரு பேட் செய்துகொள்ள முடியும்.

அந்த மெஷின் உங்கள் ஊரிலேயே இருக்கிறது!

சி.என்.சி என்றதும் ஏதோ ராக்கெட் தொழிற்சாலை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். புது வீடு கட்டியவர்கள் பூஜை அறைக் கதவுக்கும், வாசற்கதவில் கஜலட்சுமி செதுக்கவும் போய் நின்றிருப்பீர்களே, அந்தக் கடையில் பலகை மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்து, தூள் பறக்கச் செதுக்கிக்கொண்டிருக்குமே... அதேதான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மரத்தில் வெட்டித் தரும் மெஷின். இதிலேயே மேஜை மேல் வைத்துக்கொள்ளும் குட்டி மாடல்களும் வந்துவிட்டன. ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கிடைக்கும் `3018' வகை மெஷின் வெட்டக்கூடிய பரப்பு 30 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். ஒரு டேபிள் டென்னிஸ் பேட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர், அகலம் 15. யாரோ பேட்டுக்காகவே அளவெடுத்துச் செய்ததுபோல, கச்சிதமாக உள்ளே உட்காரும்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஆசையாகச் செய்துவிட்டு, போட்டி நாளில் நடுவர் கையை விரித்தால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

பேட்டின் மரப்பகுதிக்கு `பிளேடு' என்று பெயர். அது தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். அதன் தடிமனில் குறைந்தது 85 சதவிகிதம் இயற்கையான மரமாக இருக்க வேண்டும். நடுவே பசை அடுக்கில் கார்பன் இழை, கண்ணாடி இழை போன்றவற்றைச் சேர்க்கலாம். ஆனால், ஒரு இழை அடுக்கு, மொத்தத் தடிமனில் 7.5 சதவிகிதத்தையோ 0.35 மில்லிமீட்டரையோ தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. 6 மில்லிமீட்டர் பேட்டில் 7.5 சதவிகிதம் என்றால் 0.45 வரும். ஆனாலும் 0.35 வரைதான் போகலாம். பிளேடை யார் செய்தார்கள், என்ன பிராண்ட் என்பதெல்லாம் இந்த விதியில் கிடையாது. ஆனால், மேலே ஒட்டும் ரப்பர் விஷயத்தில் கறார். சர்வதேச சம்மேளனம் அங்கீகரித்த ரப்பராகத்தான் இருக்க வேண்டும். அதன் முத்திரை கைப்பிடிக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்ற வேறொரு நிறம். பல வருடங்களாக அந்த இன்னொரு நிறம் சிவப்பாக மட்டுமே இருந்தது. 2021 அக்டோபரிலிருந்து பச்சை, நீலம், ஊதா, பிங்க் நிறங்களும் வந்துவிட்டன.

மும்பையில் நடந்த மாயம்

ரப்பருக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? அதற்குப் பதில் நம் நாட்டில் நடந்த ஒரு போட்டியில் இருக்கிறது.

1952-ல் உலக சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. பம்பாயில் நடந்த அந்தப் போட்டியில் ஜப்பானும் முதல் தடவையாகக் கலந்துகொண்டது. ஹிரோஜி சடோ என்ற கண்ணாடி போட்ட ஜப்பானிய வீரரைத் தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் பேட்டில் தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார். அதுவரை எல்லோரும் ஆடியது, முள்முள்ளாக இருக்கும் ரப்பரை நேரடியாக மரத்தில் ஒட்டிய பேட்டில். பந்து பட்டால் `டொக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எதிராளி எவ்வளவு பலமாக அடித்தார் என்று கணித்துப் பழகியிருந்தார்கள். சடோவின் பேட்டில் சத்தமே இல்லை. பந்து வருகிற வேகமும் புரியவில்லை. ஐரோப்பிய ஜாம்பவான்கள் திணறிப்போனார்கள். இறுதிப்போட்டியில் ஹங்கேரியின் ஜோசப் கோசியானை வென்று சடோ உலக சாம்பியன் ஆனார்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஸ்பாஞ்ச் ஒட்ட ஆரம்பிக்க, 1959-ல் ரப்பர் எவ்வளவு தடிமனாக இருக்கலாம் என்று வரம்பு கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் ஸ்பாஞ்ச், ரப்பர், பசை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அதே 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி கல்வி நிறுவனத்தில் இன்னொன்றும் நடந்தது. துளையிட்ட காகித நாடாவில் எழுதிய எண்களைப் படித்து, தானே உலோகத்தை வெட்டும் மெஷினை அங்கே இயக்கிக் காட்டினார்கள். இன்றைய சி.என்.சி மெஷின்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அதுதான். அந்த யோசனைக்கு விதை போட்ட ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் விசிறிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவர். அந்த விசிறிக்கும் ஆங்கிலத்தில் `பிளேடு' என்றுதான் பெயர்.

ஐந்து இலை, ஒரு பலகை

இனி வேலைக்கு வரலாம். கடையில் ஒரு பிளைவுட் துண்டை வாங்கி வெட்டினால் பேட் வடிவம் வந்துவிடும். ஆனால், பேட் வராது. சாதாரண பிளைவுட் கனம் அதிகம். உள்ளே என்ன மரம், எங்கே ஓட்டை என்றும் தெரியாது. பந்து ஓரிடத்தில் துள்ளும், இன்னோரிடத்தில் செத்துவிழும்.

நல்ல பேட்டில் பெரும்பாலும் ஐந்தோ ஏழோ அடுக்குகள் இருக்கும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என மெல்லிய மர இலைகள். இவற்றை `வெனீர்' என்பார்கள். நடுவே மட்டும் 3, 4 மில்லிமீட்டரில் தடித்த, ஆனால் லேசான மரம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அயூஸ், ஜப்பானியர்கள் கிரி என்று அழைக்கும் பவுலோனியா ஆகியவை நடு அடுக்குக்குப் பேர்போனவை. வெளி அடுக்குக்கு லிம்பா, கோட்டோ. இதில் லிம்பா மென்மையாகப் பந்தைப் பிடித்துவிடும். கோட்டோ கொஞ்சம் முறைப்பு, பட்டதும் தள்ளிவிடும். அடுக்கே இல்லாமல் ஹினோகி என்ற ஜப்பானிய மரத்தின் ஒரே பலகையில் செய்யும் பேட்களும் உண்டு. பேனா பிடிப்பதுபோலப் பிடித்து ஆடும் ஜப்பானியப் பாணிக்காரர்களின் செல்லம் அது.

எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் ரேகை ஓடும் திசையில் அதிகம் மாறாது, குறுக்கேதான் மாறும். நடு அடுக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே தடிமன், ஒரே திசை என்று வைத்தால் இரு பக்க இழுப்பும் சமமாகி பலகை நேராக நிற்கும். ஒரு பக்கம் மாறினால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். வழக்கமான ஐந்தடுக்கு பேட்டில் வெளி அடுக்கின் ரேகை கைப்பிடியின் நீளவாக்கில் ஓடும். இரண்டாம் அடுக்கு குறுக்கே. நடு அடுக்கு மறுபடி நீளவாக்கில்.

`நம் ஊர்த் தேக்கு இருக்கும்போது ஆப்பிரிக்க மரம் எதற்கு?' என்று தச்சு வேலை தெரிந்த எந்தப் பெரியவரும் கேட்பார். நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிளேடின் கன அளவு சுமார் 125 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை கிராம் எடையுள்ள மரம் என்றால் 63 கிராம் வரும். கைப்பிடிக்கு 20 கிராம் சேர்த்தால் 83. கடையில் விற்கும் பேட்களும் பெரும்பாலும் 80 முதல் 95 கிராமுக்குள்தான் இருக்கின்றன. தேக்கின் அடர்த்தியோ சுமார் 0.65. முழுக்கத் தேக்கில் செய்தால் நூறு கிராமைத் தாண்டிவிடும். இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டினால் மேலும் 90, 100 கிராம் ஏறும். 2.7 கிராம் எடையுள்ள பந்தை அடிக்க இருநூறு கிராமுக்கு மேல் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பயிற்சி எடுக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை நினைத்துப் பாருங்கள். தேக்கை வெளி அடுக்கில் மெல்லிய இலையாக வைத்துப் பார்க்கலாம். நடு அடுக்குக்கு, பிளைவுட் தொழிலுக்காக நம் விவசாயிகள் வளர்க்கும் மலைவேம்பு மாதிரி லேசான மரத்தைச் சோதித்துப் பார்க்கவும் விதியில் தடை ஏதுமில்லை.

ஒட்டுவதற்கு, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். கார்பன் இழை வைத்தால்தான் எபாக்ஸி வேண்டும். பசையைக் கொட்டி மெழுகக் கூடாது. பசையும் எடைதான். அதோடு அதிலுள்ள தண்ணீர் வெனீரைச் சுருட்டிவிடும். மெல்லிசாக, சமமாகத் தடவி, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் எடுத்ததும் வெட்டத் துடிக்கும் கையை அடக்குவதுதான் கஷ்டம். பசையின் ஈரம் முழுக்க வெளியேற இன்னும் சில நாள்களாவது பலகை சும்மா கிடக்க வேண்டும். ஈரத்தோடு வெட்டிய பேட் வெட்டிய அன்று நேராகத்தான் இருக்கும். அடுத்த வாரம்தான் வேலையைக் காட்டும். போட்டிகளில் பேட்டின் தட்டைத்தன்மையைக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள் என்பதால், இந்தப் பொறுமை ரொம்ப முக்கியம்.

மெஷினுக்குப் புரியும் பாஷை

பலகை காய்கிற நேரத்தில் படம் வரையலாம். பழைய பேட் ஒன்றை ஸ்கேனரில் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்துகொள்வது எளிய வழி. ஸ்கேல் இருந்தால் திரையில் அளவைச் சரிபார்க்கலாம். இன்க்ஸ்கேப், ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருள்களே போதும். ஒரு பாதியை மட்டும் வரைந்து, கண்ணாடியில் தெரிவதுபோல மறுபாதிக்குப் பிரதியெடுத்தால் இரண்டு பக்கமும் பிசகாது. வழக்கமான அளவு, முகம் 157 மில்லிமீட்டர் நீளம், 150 அகலம். கைப்பிடி 100 மில்லிமீட்டர் நீளம்.

அந்தப் படத்தை மெஷினுக்கான கட்டளைகளாக மாற்றுவது இன்னொரு மென்பொருளின் வேலை. வருவது `ஜி-கோட்'. பார்க்கப் பயமாக இருக்கும், படித்தால் சமையல் குறிப்பு மாதிரிதான். ஜி0 என்றால் வெட்டாமல் சீக்கிரம் அந்த இடத்துக்குப் போ. ஜி1 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ. ஜி2, கடிகார முள் திசையில் வளை. ஜி3, எதிர்த்திசையில் வளை. எம்3, மோட்டாரைச் சுற்று. எம்5, நிறுத்து.

ஜி21 என்பது `அளவெல்லாம் மில்லிமீட்டரில்' என்று பொருள். அதற்குப் பதில் ஜி20 வந்துவிட்டால் எல்லாம் அங்குலம். 157 மில்லிமீட்டர் பேட் 157 அங்குலம் ஆகிவிடும். ஏறக்குறைய 13 அடி! மெஷின் பாவம், சொன்னதைச் செய்யப் பார்க்கும். ஓரம் வரை போய் முட்டி, கடகடவென்று கத்தும்.

இதைவிட விஷமமான தவறு ஒன்று இருக்கிறது, அது கத்தாது. வெட்டும் பிட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. 3 மில்லிமீட்டர் பிட்டின் நடுப்புள்ளி கோட்டின் மேலேயே போனால், இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் தின்றுவிடும். 157-க்குப் பதில் 154. முகம் சின்னதானால் பரவாயில்லை, அளவுக்குத்தான் விதி இல்லையே. ஆனால், 28 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கைப்பிடித் தண்டு 25 ஆகிவிடும். தனியாகச் செதுக்கிய கைப்பிடி அதன் மேல் உட்காராமல் இரு புறமும் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் கோட்டுக்கு வெளியே ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டச் சொல்ல வேண்டும். தையல்காரர் துணி வெட்டும்போது தையலுக்கு விட்டு வெட்டுவதில்லையா, அதே கதை.

பத்து நிமிட வெட்டு

மெஷின் மேடையில் முதலில் ஒரு வேஸ்ட் பலகை. அதன் மேல் டபுள் சைடு டேப் ஒட்டி நம் பலகை. சின்ன மெஷினில் கிளாம்ப் போட இடம் குறைவு, போட்டாலும் பிட் அதில் மோதும் அபாயம் உண்டு. பலகையின் மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று மெஷினுக்குச் சொல்ல, பழைய வித்தை ஒன்று இருக்கிறது. பலகை மேல் ஒரு காகிதத்தை வைத்து அசைத்துக்கொண்டே, சுற்றாமல் நிற்கும் பிட்டைத் துளித்துளியாக இறக்க வேண்டும். காகிதம் லேசாகப் பிடிக்கும் இடம்தான் பூஜ்ஜியம்.

அடுத்ததாக, அனுபவசாலிகள் யாரும் நேரடியாக மரத்தில் வெட்ட மாட்டார்கள். பிட்டை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, முழு வெட்டையும் காற்றிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். படம் சரியாக இருந்தால் அந்தரத்தில் ஒரு பேட் வரைந்துவிட்டு பிட் திரும்பி வரும்.

வெட்டும்போது ஒரேயடியாக 6 மில்லிமீட்டர் ஆழம் போகக் கூடாது. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். பேட்டைச் சுற்றி ஒரு வட்டம் வர சுமார் 66 சென்டிமீட்டர் பயணம். நிமிடத்துக்கு அரை மீட்டர் வேகம் வைத்தால், ஏழு சுற்றுக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு நாள் காத்திருந்தது இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்!

இங்கேயும் ஒரு ஆபத்து. சாதாரண பிட், தூளை மேல்நோக்கித் தள்ளும்படி முறுக்கியிருக்கும். அது அரை மில்லிமீட்டர் வெனீரின் ஓரத்தைப் பிய்த்துத் தூக்கிவிடும். கீழ்நோக்கித் தள்ளும் முறுக்குள்ள பிட் போட்டால் மேல் ஓரம் சுத்தமாக இருக்கும். கடைசிச் சுற்றில் பேட் விடுபட்டுத் துள்ளாமல் இருக்க, நான்கைந்து இடங்களில் மெல்லிய பாலங்களை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். பிறகு அவற்றைக் கையால் அறுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்க: நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக் கணக்கில் சுழலும் பிட்டுக்கு மரமும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். துப்பட்டா, தொளதொள சட்டைக்கை, விரித்த கூந்தல், கையுறை எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கார்பன் தூள் மரத்தூளைவிட மோசமானது. ஓடும்போது விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. மழுங்கிய பிட் ஒரே இடத்தில் உரசினால் மரம் புகைய ஆரம்பிக்கும்.

கைப்பிடியில்தான் கைவண்ணம்

பிளேடு வெட்டுவது தட்டையான வேலை. கைப்பிடி அப்படியில்லை, அது உருண்டை. ஒரு பேட்டின் கைப்பிடி, கையில் பிடிக்கும் இடத்தில் 23 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், நடுவே ஓடும் பிளேடுக்கு 6 போக மீதி 17. அதில் பாதி, எட்டரை மில்லிமீட்டர். அந்த உயரத்தில் இரண்டு பாதிகளைத் தனித்தனியே செதுக்கி, பிளேடின் இரு பக்கமும் ஒட்ட வேண்டும்.

முதலில் தட்டை பிட்டால் படிக்கட்டு மாதிரி தோராயமாகக் குடைந்து, பிறகு முனை உருண்டையான பிட்டால் கோடு கோடாக நெருக்கி இழைப்பார்கள். கோடுகளுக்கு இடையே எவ்வளவு குறைவாக இடைவெளி விடுகிறோமோ அவ்வளவு வழவழப்பு. அதே அளவு நேரமும் இழுக்கும். பிளேடுக்குப் பத்து நிமிடம் எடுத்த அதே மெஷின் கைப்பிடிக்கு மணிக்கணக்கில் உட்கார வைப்பதும் உண்டு. அதுவும் பூஜைக் கதவுக் கடைகளில் மணிக்கணக்குக்குத்தான் கூலி என்பதால், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு மீதியை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மெஷின் செய்த பேட்டை எடுத்து அப்படியே ஆடினால் அரைமணி நேரத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிடும். கைப்பிடி முடிந்து முகம் விரியும் இடத்தில் பிளேடின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். விரல்கள் உட்காருவதே அங்கேதான். அந்த இரண்டு தோள்களையும் உப்புத்தாளால் உருட்டி எடுப்பது, ஆடப்போகிறவர் பக்கத்தில் இருந்து, தேய்க்க, பிடித்துப் பார்க்க, மறுபடி தேய்க்க என்று செய்ய வேண்டிய வேலை. சுண்டுவிரல் வரை அளவெடுத்துக் கைப்பிடி செய்யலாம் என்பதுதான் சொந்தமாகச் செய்வதன் பெரிய லாபம். குட்டிக் கைகளுக்கு, பெரியவர்களுக்கான கைப்பிடி தடித்துத்தான் போகிறது. படத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறைத்தால் போதும். வளர்ந்ததும் அதே படத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூட்டி இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

கடைசியில் பிளேடின் முகத்துக்கு வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய கோட். இல்லாவிட்டால் ரப்பர் மாற்ற உரிக்கும்போது மர நாரும் சேர்ந்து வரும். கெட்டியாக அடித்தால் மரத்தின் உணர்வே செத்துவிடும். ரப்பர் ஒட்ட இப்போது தண்ணீர் கலந்த பசைதான். தொண்ணூறுகளில் ஆடிய அப்பாக்களுக்கு ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்பும் அடித்த அந்தப் பசை வாசனை ஞாபகம் இருக்கும். ரப்பரைத் துள்ள வைத்த அந்தக் கரைப்பான் பசை உடம்புக்குக் கேடு என்று 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு தடை செய்துவிட்டார்கள்.

செலவு மிச்சமா?

இதைப் படிக்கும் பெற்றோர்களின் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். முன்னணி நிறுவனங்களின் கார்பன் பிளேடு ஒன்று இன்று பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ரப்பர்கள் தனியாக சில ஆயிரங்கள். தினமும் பயிற்சி எடுப்பவர்களுக்குச் சில மாதங்களில் ரப்பரை மாற்றவும் வேண்டும். பத்து முறை தேசிய சாம்பியனான சரத் கமலும், சத்தியனும் உருவான சென்னையில், காலையும் மாலையும் பிள்ளையை அகாடமிக்கு அழைத்துப்போகும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

உள்ளதைச் சொன்னால், வீட்டில் செய்த முதல் பேட் கடையில் விற்கும் நல்ல பேட்டுக்கு ஈடாகாது. இரண்டாவதும் ஆகாமல் போகலாம். வெனீர், பிட், கெட்டுப்போன பலகை என்று பார்த்தால் முதல் பேட் மலிவாகவும் இருக்காது. ரப்பர் செலவு எப்படியும் குறையாது. மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளையின் கையிலிருந்து பழகிய பேட்டைப் பிடுங்கிவிட்டு இதைக் கொடுப்பது சரியான யோசனையே இல்லை. ஆனால், கைக்கேற்ற கைப்பிடி வேண்டும் என்பவர்களுக்கும், மரவேலையில் ஆசை உள்ளவர்களுக்கும், பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு ஒரு புராஜெக்ட் வேண்டும் என்பவர்களுக்கும் இது அருமையான விஷயம்.

ரெண்டு பேட், ஒரே மரம்

மறுபடி வாங் சூச்சினின் மாற்று பேட்டுக்கு வரலாம். போட்டி நடக்கும்போது நடுவில் பேட்டை மாற்ற விதி அனுமதிப்பதில்லை. ஆட முடியாத அளவுக்குத் தற்செயலாக உடைந்தால் மட்டும்தான் மாற்றலாம். அதனால்தான் பெரிய வீரர்களின் பையில் எப்போதும் இன்னொன்று தயாராக இருக்கும். ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றாலும் எடையில் சில கிராம் வித்தியாசம் இருப்பது சகஜம். கடைகளில் தராசு வைத்து எடை பார்த்து, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுப் பொறுக்குகிறவர்கள் உண்டு. விறைப்பான பேட் கணீரென்று உயர்ந்த தொனியில் ஒலிக்கும். நெகிழ்வானது சற்று மந்தமாக.

சி.என்.சி இங்கே பாதிதான் உதவும். படம் கம்ப்யூட்டரில் இருக்கும் வரை, எத்தனை வருடம் கழித்து வெட்டினாலும் அதே வடிவம், அதே கைப்பிடி, நூலளவு பிசகாமல் வரும். மரம் வராது. அடுத்த வெனீர் வேறொரு மரத்திலிருந்து, வேறு மழையில் வளர்ந்ததிலிருந்து வரும்.

அதனால் விவரமானவர்கள் தொடக்கத்திலேயே ஒரு காரியம் செய்கிறார்கள். அடுக்கி ஒட்டும்போதே இரண்டு பேட் நீளத்துக்கு வெனீரை எடுத்து, ஒரே பலகையாக ஒட்டி, பிறகு இரண்டாக அறுத்து, ஒரே நாளில் இரண்டையும் வெட்டிவிடுகிறார்கள். கைப்பிடி மரமும் ஒரே கட்டையிலிருந்துதான். இரண்டையும் தராசில் வைத்து, கைப்பிடி ஒட்டுவதற்கு முன்பே எடையை பென்சிலால் உள்பக்கம் எழுதி வைப்பார்கள். 62.5, 63 என்று அரை கிராம் வித்தியாசம் வந்தால், கனமானதன் கைப்பிடிக்குள் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்தால் சரியாகிவிடும்.

பிறகு இரண்டுக்கும் ஒரே ரப்பர் ஒட்டி, ஒரு வாரம் இதில், ஒரு வாரம் அதில் என்று மாற்றி மாற்றி ஆடிப் பழக வேண்டும். ஆடாத வாரத்தில் இருப்பதைப் பையின் தனி அறையில், உறை போட்டு. தரையில் வைக்காமல்.